சந்தனம் வைத்த சி.டி.

கமுதி மிளகாய்க் கமிஷன் கடைகளில் மூட்டையைக் கொட்டிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. தரகர் வருவார். மூட்டையின் வாயில் கையை நுழைத்து ஒரு கைப்பிடி அள்ளுவார். உள்ளங்கையில் பரப்பி, முகர்ந்து, ஒரு வற்றலை ஒடித்து விதையைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தக் கைப்பிடிக்கு என்ன விதியோ அதுதான் மூட்டைக்கும் விதி.

இராமலட்சுமி சிறுமியாக இருந்தபோது, ஒரு மாசி மாதத்தில், அப்பா மலையாண்டியின் மூட்டைக்குள் நுழைந்த கை சோடை வற்றலை அள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பனியில் நனைந்து நிறம் வெளுத்த வற்றல். தரகர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

"அய்யா, உள்ளுக்க எல்லாம் நல்ல வத்தல்தானே? கொட்டிப் பாக்கச் சொல்லுங்கய்யா" என்று அவள் அப்பாவிடம் அழுதாள்.

மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கைக்கு வந்ததுதான் கணக்கு, தாயி. வா போவம்."

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது. மதுரைக்குப் படிக்கப் போனபோது, வகுப்பில் பேராசிரியர் ஒருவர், "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரியா? எத்தனை சோற்றை எடுத்துப் பார்த்தால் பானையைப் பற்றித் துணிந்து பேசலாம்?" என்று கேட்டுவிட்டுப் புள்ளியியலைத் தொடங்கினார். இராமலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. கைக்கு வந்தது மட்டும் கணக்கில்லை, அதையும் தாண்டி உண்மையைத் தேட ஒரு படிப்பு இருக்கிறதே! அப்பாவுக்கு யாரும் சொல்லாத பதில் அதில் இருப்பதாக அவளுக்குப் பட்டது. அந்தப் படிப்பையே கட்டிக்கொண்டாள். வேறு எதையும் அவளால் கட்டிக்கொள்ள முடியாமலே போய்விட்டது.

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே அவளுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கணிதத் துறையின் ஓரத்தில் ஒரு நாற்காலி. கல்லூரியின் செயலாளர் வேல்சாமியின் அறை வாசலில் வருடக்கணக்காக நின்று, மன்றாடி, புள்ளியியல் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்க வைத்தாள்.

"ஏம்மா, காமர்ஸ்னா பேங்க் வேலைங்கிறாக. கம்ப்யூட்டர்னா அமெரிக்காங்கிறாக. இதப் படிச்சா என்னன்னு சொல்லிச் சேப்பேன்?" என்று கேட்டவரிடம், "ஒரு பொண்ணு சேர்ந்தாலும் நான் நடத்துறேன் சார்" என்றாள்.

அந்த வருடம்தான் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம், நிலபுலன் உள்ள குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட வேண்டும். "கோர்ஸ் இப்பத்தான் தொடங்கியிருக்கு. முதல் செட்டு வெளிய போறவரைக்கும் பொறுக்கச் சொல்லும்மா" என்றாள் இராமலட்சுமி. அவர்கள் பொறுக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே மாப்பிள்ளைக்கு வேறு பெண் கிடைத்துவிட்டாள். அந்த வேதனையிலேயே மலையாண்டி படுத்தார், எழவில்லை. தாய் பூமயில் மட்டும் மகளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்!

சேர்ந்த பெண்கள் ஒரு பெஞ்சுக்குள் அடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி செவ்வந்தி. இராமலட்சுமியின் ஊருக்கு அடுத்த ஊர். தாயும் தகப்பனும் மிளகாய்க் காட்டில் கூலி வேலை செய்பவர்கள். அவளைச் சேர்க்க வந்த அன்று அவள் தகப்பன் முனியசாமி வகுப்பறை வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"டீச்சரு, ஒங்க மொகத்துக்காகத்தான் விடுறேன். பாதியில படிப்பு நின்னுச்சு, புள்ளையக் காட்டுக்குக் கூப்புட்டுக்கிருவேன். அப்பறம் ஆளு விட்டு அனுப்பக்கூடாது."

"நிக்காதுண்ணே. நான் இருக்கேன்ல" என்றாள் இராமலட்சுமி.

எவ்வளவு எளிதாக நாம் வாக்குக் கொடுத்துவிடுகிறோம்!

2008-ஆம் வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் புள்ளியியல் செய்முறைத் தேர்வைத் தாளிலும் கால்குலேட்டரிலும் எழுத முடியாது, 'ஆர்' என்ற கணினி மொழியில்தான் செய்ய வேண்டும். ஆய்வகத்தில் அந்த மென்பொருள் ஓடுகிறதா என்று ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். ஓடவில்லையென்றால் அங்கீகாரம் ரத்து. படிக்கிற பெண்களை வேறு படிப்புக்கு மாற்றிவிடலாம்.

ஆய்வகத்தில் இருந்தவை கணினித் துறை வேண்டாமென்று தள்ளிய பழைய இயந்திரங்கள். கடல் காற்றின் உப்பு பெட்டிகளின் தகரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஆய்வக உதவியாளர் கூத்தையா மாதத்துக்கு ஒருமுறை திருகாணிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். "எங்க வீட்டுப் பொம்பள தலைக்குக்கூட நான் இம்புட்டு எண்ணெய் வாங்கிக் குடுத்ததில்ல டீச்சர்" என்பார்.

கல்லூரியின் கணினிகளைப் பழுது பார்க்க வருபவர் கீழக்கரை அகமது கபீர். அங்கே பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அவரைத்தான் இராமலட்சுமி நம்பினாள். புதிய பதிப்பு அந்தக் கிழட்டு இயந்திரங்களில் ஓடாது என்று கபீர் கண்டுபிடித்தார். நோன்பு நாட்களில், கூட்டமில்லாத பகல் வேளைகளில், இணையத்தில் துழாவி, பழைய பதிப்பு ஒன்றையும் அதற்குத் தேவையான துணைத் தொகுப்புகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார். தன் கடையிலிருந்த பழைய கணினி ஒன்றில் போட்டு ஓட்டியும் காட்டினார். திரையில் ஒரு வரைபடம், மணி கவிழ்த்தது போன்ற வளைவு, மெல்ல எழும்பியது. இராமலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுவாதீக டீச்சரம்மா. இன்ஷா அல்லாஹ், ஒங்க கோர்ஸ் நிக்கும்" என்று ஒரு சி.டி.யை எடுத்துக் கொடுத்தார். அதன் மேல் கறுப்பு மையில் தன் கையால் குறிப்பு எழுதியிருந்தார், எதை முதலில் போட வேண்டும், எதை அடுத்து என்று. "இன்னொரு காப்பி போட்டுத் தரலாம்னு பாத்தேன். நம்ம சி.டி. ரைட்டரு இதோட மூச்ச விட்டுருச்சு. பத்திரமா வச்சுக்கங்க. பெருநாவும் முடிஞ்சிருச்சு, இன்னைக்கு ராவே நான் துபாய்க்குப் பயணம்."

சி.டி.யை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் ஓடினாள். வேல்சாமி நாட்காட்டியைப் பார்த்தார்.

"இன்னைக்கு அட்டமிம்மா. நாளைக்கு நவமி, சரஸ்வதி பூஜை. லேப் சாவியக்கூட சாமி படத்துக்கு முன்னால வச்சாச்சு. புதுசா ஒண்ணு தொடங்குறதுன்னா விஜயதசமிதான். அன்னைக்கே பிள்ளைகளையும் வரச்சொல்லு, வித்தியாரம்பம் மாதிரி செஞ்சுருவம்."

"சார், தசமிக்கு மறுநாளே கமிட்டி வருது. எதுவும் கோளாறுன்னா சரி பண்ணக்கூட நேரமிருக்காது சார்."

"ஏம்மா, சரஸ்வதி பூஜையில வச்சு எடுத்த பொருள்ல கோளாறு வருமா? நீ என்ன பேச்சுப் பேசுற!"

அவர் கெட்டவர் அல்ல. அந்தப் படிப்பு நிலைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் நல்ல நாள் பார்த்தார். அவளுக்கும் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. நல்ல நாளில் தொடங்கட்டுமே! இத்தனை வருடம் பட்ட பாட்டுக்கு ஒரு நல்ல நாளாவது வாய்க்கட்டுமே! எலியும் உப்புக் காற்றும் உள்ள ஆய்வகத்தில் வைக்க மனமில்லாமல், சி.டி.யை ஊருக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பூமயில் கேட்டாள்: "என்னத்தா அது, கண்ணாடி கணக்கா மின்னுது?"

"அம்மா, இதுதான் என் சோறு. என் உசுருன்னு வச்சுக்க. இது இல்லைன்னா நான் ஒண்ணுமில்ல" என்று சொல்லி, அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்தாள். தாயிடம் வேறு எப்படிச் சொல்வது? மென்பொருள் என்றால் அவளுக்கு என்ன புரியும்? சோறு என்றால் புரியும்.

புரிந்தது. நன்றாகவே புரிந்துவிட்டது!

மறுநாள் காலையில் பொரிகடலையும் பூவும் வாங்க இராமலட்சுமி கமுதிக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வந்தபோது வீடு மெழுகிக் கோலமிட்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் அரிவாள், மண்வெட்டி, களைகொத்தி, அப்பாவின் பழைய தராசு எல்லாம் பளபளவென்று தேய்க்கப்பட்டுப் பொட்டு வைத்து நின்றன. பக்கத்தில் அவளுடைய புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில், ஒரு செவ்வந்திப் பூவைச் சூடிக்கொண்டு, அந்தச் சி.டி. பெட்டி. மூடியில் சந்தனமும் குங்குமமும்.

வரன் போனதற்குக்கூடக் கோபிக்காத தாய், இன்று மகளின் படிப்பையும் அரிவாள் மண்வெட்டியோடு சேர்த்துச் சாமியாக்கி வைத்திருக்கிறாள்!

"நல்லா வச்சுருக்கேனாத்தா?"

"நல்லா வச்சுருக்கம்மா."

பூஜையில் வைத்த பொருளை மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது. அவளும் தொடவில்லை. விழுந்து கும்பிட்டாள்.

விஜயதசமி விடியலில், பூமயிலே சி.டி. பெட்டியை எடுத்து, மஞ்சள் துணியில் பொதிந்து, பூவோடு மகள் கையில் கொடுத்தாள். முதல் பஸ்ஸில் செவ்வந்தியும் சேர்ந்துகொண்டாள். வழி நெடுக இராமலட்சுமியின் மடியில் இருந்த பொட்டலத்தை அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். "டீச்சர், எங்கய்யாகிட்டச் சொல்லிட்டேன். இனிமே கோர்ஸ் நிக்காதுன்னு. அவுக சிரிச்சாக டீச்சர். எங்கய்யா சிரிச்சு நீங்க பாத்துருக்க மாட்டீக."

ஆய்வகத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வேல்சாமி தேங்காய் உடைத்தார். கூத்தையா சூடம் காட்டினார். இராமலட்சுமி மஞ்சள் துணியை அவிழ்த்து, பெட்டியைத் திறந்தாள்.

முதலில் அவளை எட்டியது வாசனைதான். புளியும் அடுப்புச் சாம்பலும் கலந்த வாசனை.

சி.டி.யில் கபீரின் எழுத்து ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் வட்ட வட்டமாகக் கீறல். மேல்பக்கத்து வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்துபோயிருந்தது. நடு ஓட்டையைச் சுற்றி, அழகாக, கை நடுங்காமல் வைத்த சந்தனப் பொட்டுகள்.

பூஜைக்கு வைக்கும் எந்தக் கருவியையும் அழுக்கோடு வைக்கலாமா? அரிவாளைத் தேய்த்த அதே தேங்காய் நாரால், அதே புளியும் சாம்பலும் தொட்டு, மகளின் சோற்றையும் தாய் தேய்த்திருக்கிறாள். கறுப்பு மையைக் கரி என்று நினைத்து, அது போகும்வரை அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறாள்.

"என்ன டீச்சர், அங்கிட்டு இருக்கிறது இங்கிட்டுத் தெரியுது?" என்றார் கூத்தையா.

இராமலட்சுமி அதைக் கணினியில் போட்டாள். இயந்திரம் உறுமியது, தேடியது, மறுபடி உறுமியது. பிறகு, சோடை வற்றலைப் பார்த்த தரகரைப் போல, தட்டை வெளியே தள்ளிவிட்டது. அடுத்த இயந்திரத்தில் போட்டாள். அதற்கடுத்ததில் போட்டாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செவ்வந்தி மட்டும் டீச்சரின் முகத்தையே பார்த்தாள்.

கீழக்கரைக்கு ஓடினாள். கபீரின் கடை பூட்டிக் கிடந்தது. வீட்டைத் தேடிப் போனபோது அவர் தம்பி ஹமீது வெளியே வந்தான்.

"கபீர் காக்கா முந்தாநா ராவே போயிட்டாகளே டீச்சரம்மா. கடைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. மெஷினெல்லாம் சுத்தமா அழிச்சுத்தான் குடுத்தோம். ஒண்ணும் மிச்சமில்ல." அவள் நின்ற நிலையைப் பார்த்துப் பதறி, "உம்மா, தண்ணி கொண்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

தண்ணீருக்கும் நிற்கவில்லை. இராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தது. வாழைக்கன்று கட்டிய வாசல். கபீர் துழாவிய இடங்களை நினைவிலிருந்து தேடித் தேடி, அந்தப் பழைய பதிப்பைக் கண்டுபிடித்தே விட்டாள். திரையில் நீலக்கோடு நத்தையாக ஊர்ந்தது. பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. "மலையாண்டி மகள் கேக்கிறேன், இந்த ஒரு தடவை" என்று அவள் யாரிடம் கெஞ்சினாளோ!

மின்விசிறி நின்றது. திரைகள் எல்லாம் கறுத்தன. அந்த வருடம் ஊரெல்லாம் மின்வெட்டு.

"யு.பி.எஸ். இல்லையா தம்பி?"

"அதுக்குந்தான் பொட்டு வச்சோம்க்கா. அது போன மாசமே செத்துப்போச்சு."

மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். அந்தி சாயும் நேரத்தில் அதுவும் அறுந்தது. கடைக்காரர் பூஜைப் பொரியை ஒரு காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்தார். "நல்ல நாள் அதுவுமா அழுகாதீகக்கா. நாளைக்கு வாங்க."

நாளைக்கு!

அன்றிரவு ஊருக்குப் போகாமல் கல்லூரி விடுதியிலேயே தங்கினாள். மறுநாள் குழு வந்தது. ஒரு பேராசிரியர், ஒரு அம்மையார். எதுவும் ஓடாத திரைகளுக்கு முன்னால் பெண்கள் சீருடையில் நின்றார்கள். "தயாராகத்தான் இருந்தோம் சார். சி.டி. கெட்டுப்போச்சு" என்றாள் இராமலட்சுமி.

"எப்படிக் கெட்டுது?"

வேல்சாமி அவளைப் பார்த்தார். கூத்தையா பார்த்தார். புளியும் சாம்பலும் யார் கை என்று, சந்தனப் பொட்டைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். சொல்லியிருந்தால் அந்த இருவரும் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டு, இரங்கி, ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கவும் கூடும். யார் கண்டது? ஆனால் தன் தாயை ஒரு சிரிப்புக் கதையாக்கித்தான் அந்தத் தவணையை வாங்க வேண்டுமா?

"என் கவனக்குறைவு சார்" என்றாள்.

அம்மையார் பெண்களிடம் கேள்வி கேட்டார். செவ்வந்தி ஒன்றுக்கும் தடுமாறவில்லை. கரும்பலகையில் சூத்திரத்தை எழுதி, மிளகாய் மூட்டையை உதாரணம் காட்டி, ஒரு கைப்பிடியை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் தவறு எவ்வளவு வரும் என்று விளக்கினாள். அம்மையாரின் கண் கலங்கியது. வெளியே வந்து இராமலட்சுமியின் தோளைத் தொட்டார்.

"நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க. ஆனா நாங்க வந்த அன்னைக்கு என்ன இருந்ததோ அதைத்தான்மா எழுத முடியும்."

கைக்கு வந்ததுதான் கணக்கு, தாயி. வாழ்நாள் முழுவதும் எந்த வாக்கியத்தைப் பொய்யாக்கப் போராடினாளோ, அதையே படித்தவர் வாயிலிருந்தும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பூமயில் ஆவலோடு எழுந்து வந்தாள். "ஓடுச்சாத்தா?"

"ஓடுச்சும்மா. நல்லா ஓடுச்சு."

"ஓடாம? கரி போகவே மாட்டேன்னுச்சு. கை கடுக்கத் தேய்ச்சேன்ல!"

கார்த்திகையில் அங்கீகாரம் போனது. மற்ற பெண்கள் வணிகவியலுக்கு மாறினார்கள். செவ்வந்தியை முனியசாமி வந்து கூட்டிப்போனார். கோபப்படவில்லை. "ஒங்களக் குத்தஞ் சொல்லல டீச்சரு. நம்ம ராசி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவர் அறைந்திருக்கலாம்.

மாசியில் ஊருக்குப் போகும்போது, சாலையோரக் களத்தில் செவ்வந்தியைப் பார்த்தாள் இராமலட்சுமி. பரப்பிய சிவப்பின் நடுவில் குந்தியிருந்து சோடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இராமலட்சுமி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்கப் போனாள். செவ்வந்தி சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தொடாதீக டீச்சர். கையெல்லாம் காரம். ஒங்களுக்கு எரியும்."

"செவ்வந்தி..."

"நல்லாருக்கேன் டீச்சர். பஸ்ஸு நிக்குது, ஏறுங்க."

இராமலட்சுமி அதன்பின் வகுப்பறைக்குள் போகவில்லை. மாணவிகள் விடுதியில் காப்பாளர் வேலை கொடுத்தார் வேல்சாமி. விளக்கை அணைக்கச் சொல்வது, குழாயை மூடச் சொல்வது. அவள் குரல் அதற்குப் போதுமானதாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. மகள் இன்னும் பாடம் நடத்துவதாகத்தான் பூமயில் ஊராரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடமும் சரஸ்வதி பூஜை வந்தது. அரிவாள் வந்தது, மண்வெட்டி வந்தது, தராசு வந்தது. கடைசியாகப் பூமயில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். போன வருடம் மகள் மூலையில் போட்டிருந்ததை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். அந்தச் சி.டி.யை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பூச்சு போன இடத்தின் வழியாகத் தீபச் சுடர் அப்படியே தெரிந்தது.

"பாத்தியாத்தா, இந்த வருசம் தேய்க்கவே வேணாம். என்னா சுத்தம்!"

மோதிர விரலால் சந்தனம் தொட்டு, ஓட்டையைச் சுற்றிப் பொட்டு வைத்தாள். குங்குமம் வைத்தாள். புத்தகங்களின் உச்சியில் ஏற்றி, பூவைச் சூட்டினாள்.

"கும்புட்டுக்க."

இராமலட்சுமி கும்பிட்டாள்.

"இந்த மாதிரி இன்னும் இருந்தாக் கொண்டாத்தா. எல்லாத்தையும் தேய்ச்சு வச்சுருவம்."

"இல்லம்மா" என்றாள் இராமலட்சுமி. "ஒண்ணுதான் இருந்துச்சு."